காத்துக் கயிறு

தலைக்கு மேலே, மிக உயரத்தில், யாரோ தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம்: கரக், கரக், கொஞ்சம் அமைதி, மறுபடியும் கரக். இலையில் பிரியாணி இருந்தது, நெற்றி வியர்வை அதில் விழாமல் இருக்கத் தலையைப் பின்னால் சாய்த்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். அதனால்தான் மேலே பார்க்க முடிந்தது. சர்ச் ஹாலின் முக்கோணச் சுவர் உச்சியில் அடித்திருந்த தகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புறா நடக்கிறது. அந்தத் தகட்டுக்குக் கொஞ்சம் கீழே, கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரத்தில், ஒரு சின்ன இரும்புக் கப்பி இன்னும் தொங்கிக் கொண்டிருக்கிறது. கயிறில்லாத கப்பி. அதைப் பார்த்த அந்த நொடியில், எத்தனையோ வருடங்களாக என் உள்ளங்கை மறந்து போயிருந்த ஒரு சொரசொரப்பு திரும்பி வந்தது. "காத்துக் கயிறு!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்து இலைக்காரர் எனக்குத் தயிர்ப்பச்சடிதான் வேண்டுமென்று நினைத்துப் பரிமாறுபவரைக் கூப்பிட்டார்.

அது என் தோழி ஜெபாவின் நிச்சயதார்த்தம். மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஹாலில் இட்லிப் பானை மாதிரி ஆவி. சேலத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா, நல்ல மனுஷி, தாம்பூலப் பையை விசிறியாக வீசிக்கொண்டே ஜெபாவின் அம்மாவிடம், "மாசியிலயே இப்படி வேகுதேங்க, வைகாசில எப்படி? எங்க பக்கம் வயசானவங்க நெறையப் பேரு. மயக்கம் போட்டு விழுந்துட்டா? பேசாம பைபாஸ்ல இருக்கற ஏசி மண்டபத்தையே பாத்துக்கலாம்" என்றார். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஜெபா நிச்சயப் புடவையில் தலை குனிந்து, இலையில் இருந்த கறித்துண்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக் கொண்டிருந்தாள். அவளை எனக்குத் தெரியும். அது அழுகைக்கு முந்தின கட்டம்.

கை கழுவும்போது கேட்டேன். "பைபாஸ்ல வெச்சா நம்ம வீதில பாதிப்பேரு வரமாட்டாங்க கவி. இங்கன்னா தறியை நிறுத்திட்டு ரெண்டு எட்டு வெச்சு வந்து, சாப்பிட்டு, என்னைப் பாத்துட்டுப் போயிருவாங்க. அங்க யாரு பஸ் ஏறி வருவா? எங்கல்யாணத்துல எனக்குத் தெரியாதவங்களே உக்காந்திருப்பாங்க" என்றாள். ஆகவே இந்தக் கட்டுரை, பார்வைக்கு ஒரு பழைய கட்டடத்தைப் பற்றியது போலிருந்தாலும், ஜெபாவின் கல்யாணச் சாப்பாடு எங்கே நடக்கும் என்பதைப் பற்றியதுதான்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியிலிருந்து மேற்கே போகும் சாலையில் இருக்கிறது. வீதிக்கு வீதி விசைத்தறி. எங்கள் வீட்டின் முன்பாதி வீடு, பின்பாதி தறிக்கூடம். "டடக் டடக்" என்ற அந்தச் சத்தத்தில்தான் நான் பால் குடித்தேன், எழுத்துப் படித்தேன், பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்திப் பேசப் பழகினேன். வீதி முடிகிற இடத்தில் சர்ச். அதன் பக்கத்தில், விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் பள்ளிக்கூடமாகக் கட்டின கட்டடம். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் காங்கிரீட்டில் புதுப் பள்ளி எழும்பியதும் பழையது சர்ச் ஹால் ஆகிவிட்டது. என் அப்பா அதில்தான் அ, ஆ படித்தவர். "அதுக்குள்ள உக்காந்தா மழை வர்றது தெரியாது, வாத்தியார் வர்றது மட்டுந்தான் தெரியும்" என்பார்.

அப்பா சொன்னதில் கட்டடக்கலை இருக்கிறது என்பது கோயமுத்தூரில் அந்தப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்துப் பள்ளிகளில் ஜன்னலின் அடிவிளிம்பை வேண்டுமென்றே பிள்ளைகளின் தலைக்கு மேலே வைப்பார்களாம், வெளியே போகிற ஆட்டையும் மாட்டையும் பார்த்துக் கவனம் சிதறக் கூடாதென்று. வகுப்பில் இதைச் சொன்னபோது நான் மட்டும் சிரித்தேன். ஏனென்றால் எங்கள் ஹாலின் ஜன்னல்களில் ஆடு தெரியாதுதான், ஆனால் புளியமர உச்சியும் வானமும் தெரியும். கவனம் சிதற எனக்கு அதுவே தாராளம்.

சிறுபிள்ளையாக அந்தக் கட்டடத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கருங்கல் அடித்தளம், சுண்ணாம்பு பூசிய தடித்த செங்கல் சுவர், அதில் கூப்பிய கைகளைப் போலக் கூர்ந்து முடியும் வளைவு ஜன்னல்கள். இரண்டு கோடியிலும் ஒவ்வொரு வாசல், ஒன்றின்மேல் பையன்களுக்கு என்றும் மற்றதன்மேல் பெண்களுக்கு என்றும் இங்கிலீஷில் கல்லில் வெட்டியிருக்கும். நாங்கள் அதை மதித்ததே இல்லை, பையன்கள் வாசல் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, அதனால் அதுவே எங்கள் வாசல். ஒரு கோடியில் மரப்படிகள் வரிசை வரிசையாக ஏறும். ஒரு காலத்தில் பொடிப் பிள்ளைகளை ஒன்றின் பின் ஒன்றாக உட்காரவைக்கக் கட்டின படிகள், இன்று அதன்மேல் பலகை போட்டு மாப்பிள்ளை பெண்ணுக்கு மேடை. எல்லாவற்றுக்கும் மேலே ஓட்டுக்கூரை. கவிழ்த்த தோணியின் வயிற்றுக்குள் நிற்பதுபோல் அந்தத் தேக்குச் சட்டங்கள். கூரைக்கு வெளியே உச்சியில் மணி தொங்க ஒரு சின்னக் கல் வளைவு. மணி கிடையாது, புறாதான் இருக்கும்.

புறாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

மே மாதத்தில் சர்ச்சில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். நாங்கள் சொல்வது "வெகேஷன் கிளாஸ்". வீதியில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் போவோம், எந்தச் சாமி கும்பிடுகிற வீடு என்ற கணக்கே இல்லை. "சாமி எங்க இருந்தா என்ன, நீ வெயில்ல சுத்தாம இருந்தாச் சரி, போயி நெழல்ல உக்காந்துட்டு வா" என்று என் அம்மாவே நெற்றியில் திருநீறு பூசி அனுப்புவாள். பாட்டு உண்டு, கதை உண்டு, கலர்க் காகிதம் வெட்டுவது உண்டு, பதினொரு மணிக்கு ஆரஞ்சுத் தண்ணியும் ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கும் உண்டு. ஆனால் நான் ஓடினது முறுக்குக்காக இல்லை. கயிற்றுக்காக.

இரண்டு முக்கோணச் சுவர்களின் உச்சியிலும் மரக்கதவு போட்ட ஜன்னல்கள் இருந்தன. நடுவில் அச்சு வைத்த கதவுகள். அவற்றிலிருந்து, நாங்கள் காத்துக் கயிறு என்று கூப்பிட்ட ஒரு கயிறு கப்பி வழியாகக் கீழே இறங்கிச் சுவரில் ஒரு கொக்கியில் சுற்றியிருக்கும். காலையில் அதை இழுத்தால் கதவு மல்லாந்து திறக்கும், மழை வந்தால் தளர்த்தி மூடலாம். வெகேஷன் கிளாஸை நடத்தினது செல்வராணி டீச்சர், ஜெபாவின் அம்மா. அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார்: முந்தின நாள் வசனத்தைப் பிசகாமல் ஒப்பிப்பவர்தான் அன்றைக்குக் கயிறு இழுக்கலாம்.

அந்தக் கயிறு! தூசியும் தேங்காய் நாரும் கலந்த வாசனை. இரண்டு கையாலும் பிடித்து உடம்பு மொத்தத்தையும் தொங்கவிட்டால், ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு மேலே எங்கேயோ "க்ரீச்" என்று ஒரு முனகல், என் குதிகால் தரையை விட்டு எழும்பும், அதே நேரத்தில் தரையில் ஒரு வெளிச்சச் சதுரம் வந்து விழும். ஏதோ அந்தப் பெரிய கட்டடத்தையே நான் தூக்கத்திலிருந்து எழுப்பியது மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் விசிறாமலே, தரையில் கிடக்கும் கலர்க் காகிதத் துணுக்குகள் மெல்லப் புரளும். வெளியே வெயில் கொதிக்கும். உள்ளே தறிச் சத்தம்கூட எங்கேயோ தூரத்து ரயில் மாதிரிதான் கேட்கும். என் வாழ்க்கையில் முதன்முதலாக மெதுவான குரலில் பேசினாலும் கேட்கும் என்று நான் கண்டுகொண்டது அங்கேதான். அதற்காகவே அந்தச் சுவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

எனக்கு வாய் வேகம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். ஆனால் என்னைவிட நன்றாக எல்லா வசனமும் தெரிந்தவள் ஒருத்தி உண்டு, ஜெபா. கடைசி வரிசையில் உட்கார்ந்து, நான் ஒப்பிக்க ஒப்பிக்க உதட்டை மட்டும் அசைப்பாள். எனக்கு மறந்து போனால் அந்த உதட்டைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொல்வேன். அவளை டீச்சர் ஒருநாளும் எழுப்பியதில்லை. ஒருநாள் அவள் கேட்டே விட்டாள். டீச்சர் எல்லார் முன்னாலும், "எம் புள்ளைக்கே நான் கயித்தைக் குடுத்தா ஊரு சிரிக்காதா? அடுத்தவங்க புள்ளைங்க இழுக்கட்டும். நீ வேணும்னா கடைசில சுத்தி வெய்யி" என்றார். அப்படியே நடந்தது. நான் இழுப்பேன், அவள் வாலைப் பிடித்துக் கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றி முடிச்சுப் போடுவாள். எத்தனையோ மே மாதங்கள் இப்படியே போயின.

பிறகு அந்தப் புறா. ஒரு பெரிய வீட்டுக் கல்யாண வரவேற்பில், பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கத்தியைப் பிடித்துக் கேக்கை வெட்டுகிற அதே சமயம், உத்தரத்தில் உட்கார்ந்திருந்த புறா தன் பங்குக்கு ஒன்றைப் போட்டது. வெள்ளைக் கேக்கில் விழுந்ததால் சிலர் பார்க்கவில்லை என்றும், ஒருத்தர் சாப்பிட்டே விட்டார் என்றும் ஊரில் பேச்சு உண்டு, நான் உறுதி சொல்ல மாட்டேன். மறுவாரமே கமிட்டி கூடியது. கமிட்டிச் செயலாளர் தங்கராசு மாமா. சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அவர் கையில் ஒரு ஓட்டையைக் கொடுத்தால் என்ன செய்வார்? லாரிக்குச் செய்வதைத்தான் செய்தார். மரக்கதவுகளைக் கழற்றிவிட்டு, தகட்டை அளவெடுத்து வெட்டி, வரிசையாக ரிவிட் அடித்து, விளிம்புக்கெல்லாம் பசை வைத்து, ஆந்திராவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற பாடி மாதிரி அடைத்துவிட்டார். புறா மட்டுமல்ல, கொசுகூட நுழைய முடியாது. கயிறு பந்தல் கட்டப் போய்விட்டது. எல்லாரும் கைதட்டினோம். நானும்தான்.

அந்த வருடத்திலிருந்து ஹால் வேகத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. "முன்ன மாதிரி இல்லீங்க, வெயில் ஏறிப்போச்சு" என்றார்கள். மின்விசிறி மாட்டினார்கள், மேலே தேங்கி நின்ற சூட்டை அது கீழே தள்ளியது. இப்போது, தெர்மாகோல் கூரை போட்டு அந்தத் தேக்குச் சட்டங்களை எல்லாம் மறைத்து ஏசி வைப்பதென்று கமிட்டி பேசிக் கொண்டிருந்தது. அதுவும் ஜெபா கல்யாணத்துக்குள் முடியாது. ஆக மண்டபம் பைபாஸ்தான் என்பது கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது.

நிச்சயம் முடிந்த மறுநாளே நானும் ஜெபாவும் தங்கராசு மாமாவின் பட்டறைக்குப் போனோம். வெல்டிங் பொறிக்கு நடுவில் நின்று நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "இன்ஜினியரம்மா, கொஞ்சம் மூச்சு உடுங்க" என்றார்.

"அந்த ஜன்னலை எதுக்கு மாமா அவ்வளவு உசரத்துல வெச்சிருந்தாங்க?"

"வெளிச்சத்துக்கு."

"காத்துக்குங்க."

"காத்துதான் கீழ் ஜன்னல்ல வருதே கண்ணு."

"வர்ற காத்து வெளிய போக வேண்டாமா? நீங்க கட்டற லாரி கேபின்ல டிரைவர் தலைக்கு மேல ஒரு மூடி வெக்கறீங்கல்ல, தூக்கி உடற மாதிரி, அது எதுக்குங்க?"

மாமா பக்கத்தில் பாதி கட்டி நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "எம் பொழப்புலயே வந்து கைய வெக்கறயே சாமி! ஆனா அந்தத் தகட்டை அடிச்சன் பாரு, அது மாதிரி வேலை இந்தச் சில்லாவுலயே கெடையாது. அதைப் போயி எங்கையாலயே புடுங்கச் சொல்றயே."

"மாமா, எங்கல்யாணங்க" என்றாள் ஜெபா. அவ்வளவுதான் சொன்னாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெயில் உச்சிக்கு ஏறின நேரம். புடவை எடுக்க வந்த மாப்பிள்ளையின் அம்மாவை டீச்சர் அப்படியே ஹாலுக்கு அழைத்து வந்துவிட்டார். கமிட்டிக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாமாவின் ஆட்கள் இரண்டு சுவரிலும் தகடுகளைக் கழற்றினார்கள். முதலில் விழுந்தது பல வருடத்துத் தூசியும் இறகும். முதலில் நுழைந்தது ஒரு புறா, நேராக வந்து உத்தரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது.

"வந்துட்டாருங்க மொத விருந்தாளி. மொய் வெச்சுட்டுத்தான் போவாரு" என்றார் ஒரு கமிட்டிக்காரர். எல்லாரும் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். உட்கார்ந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வியர்வை வழிந்தது. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் சூடான காற்று மேலே போகும், அந்த இடத்துக்குக் குளிர்ந்தது வரும் என்று பாடம் நடத்தத் தொடங்கினேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. ஜெபா என்னைப் பார்க்கவில்லை.

அப்போது செல்வராணி டீச்சர் எழுந்தார். "வாயை மூடு கவி. தொறந்த ஒடனே என்னைக்கு வந்திருக்குது? வெகேஷன் கிளாஸ்ல மொதல்ல ரெண்டு பாட்டு எதுக்குப் படிப்போம்? காத்துக்கு நேரம் குடுக்கத்தான்" என்று சொல்லிக் கைதட்டிப் பாடத் தொடங்கிவிட்டார். நாங்கள் குதித்துக் குதித்துப் பாடின அதே பாட்டு. ஜெபா சேர்ந்தாள், நான் சேர்ந்தேன், தங்கராசு மாமா கட்டைக் குரலில் சேர்ந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில், தரையில் கிடந்த இறகுகளில் ஒன்று புரண்டது. பிறகு இன்னொன்று. பிறகு சுவர் ஓரமாக எல்லாமே மெல்ல ஊர ஆரம்பித்தன.

குளிர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பங்குனி வெயில் பங்குனி வெயில்தான். ஆனால் அந்த ஆவி போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு, "பொறுக்கலாமுங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கல்யாணமும் மத்தியானச் சாப்பாடும் இங்கயே இருக்கட்டும். சாயங்கால ரிசப்ஷன் மட்டும் ஏசியில வெச்சுக்கலாம். எங்க ஆளுங்களும் சங்கடப்படக் கூடாதில்ல?" என்றார். ஜெபா குனிந்து அவர் காலடியில் கிடந்த ஓர் இறகை எடுத்தாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தாள். கமிட்டியும் தெர்மாகோல் பேச்சைக் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளி வைத்தது. கல்யாணச் சாப்பாட்டில் யாரும் மயங்கி விழாவிட்டால் கூரை பிழைத்தது என்று அர்த்தம்.

எழுந்து போகும்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா திரும்பிக் கேட்டார்: "அதெல்லாஞ் செரி. வைகாசில திடீர்னு மழை ஊத்துமே, அப்ப இத்தனை ஓட்டைய என்ன பண்ணுவீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மேலே கப்பியைப் பார்த்தேன்.

பழைய மரக்கதவுகள் மேடைக்கு அடியில், அந்தப் பொடிப் பிள்ளைகளின் படிகளுக்குக் கீழே, சாய்ந்தபடி பத்திரமாக இருக்கின்றன. சிலவற்றைக் கரையான் தின்றுவிட்டது, மிச்சம் நல்ல தேக்கு. புறாவுக்கு ஜெபாவின் பெரியப்பா கோழிப்பண்ணையிலிருந்து கம்பிவலை வந்திருக்கிறது. "கோழி வெளிய போகாம இருக்கப் போடற வலையை, புறா உள்ள வராம இருக்கப் போடறோம்" என்று மாமா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி. கழற்றின தகடுகளைப் பட்டறை வாசலில் சாய்த்து வைத்து, அந்த ரிவிட் வரிசையை இன்னும் ஆசையாகத் தடவிப் பார்க்கிறார்.

உச்சிக் கல் வளைவுக்கு மணி இனி வராது. பந்தலுக்குப் போன கயிறும் எங்கேயோ மட்கியிருக்கும். வாசல்மேல் வெட்டின எழுத்துகள் பாதி உதிர்ந்துவிட்டன, வெகேஷன் கிளாஸும் இப்போது புதுப் பள்ளியின் ஏசி அறையில் நடக்கிறது. அங்கே காற்றுக்காக இரண்டு பாட்டுப் பாட வேண்டிய அவசியம் இல்லை. இதில் எதையும் நான் திருப்பிக் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்தது போதும். உட்கார்ந்து வானம் பார்க்க ஒரு ஜன்னல், மெல்லப் பேச ஒரு சுவர், மறந்தபோது பார்க்க ஒரு தோழியின் உதடு.

வருகிற சனிக்கிழமை கதவுகளை மாட்டுகிறோம். தார்ப்பாய் கட்டுகிற லாரிக் கயிறு தருவதாக மாமா சொல்லியிருக்கிறார். அது கப்பியில் ஓடுமா, சிக்குமா, அன்றைக்குத்தான் தெரியும். நேற்று ஜெபா வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, மாட்டி முடித்ததும் யார் முதலில் இழுத்துப் பார்ப்பது என்று கேட்டேன். வழக்கம்போல நான்தான் என்று நினைத்துக் கேட்டேனோ என்னவோ.

செல்வராணி டீச்சர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஏன், எம் புள்ளைக்குக் கையில்லையா? அவ இழுக்கட்டும். நீ கடைசில சுத்தி வெய்யி" என்றார்.

ஜெபா என்னைப் பார்த்தாள். எட்டுப் போட்டுச் சுற்றும் அந்த முடிச்சை எப்படிப் போடுவதென்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைக்குள் கற்றுக்கொள்ள வேண்டும்.